பெரியப்பா பெருச்சாளியும் இரண்டாம் பந்தியும்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் இருந்தன, பெருச்சாளியைத் தவிர. அதை ஒரு குறையாகவே நினைக்காமல் காடு நிம்மதியாக இருந்துவந்தது. அப்படி இருக்கையில் ஒருநாள் உளுத்துப்போன மரக்கட்டை ஒன்று கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கியது. அதன் பொந்துக்குள்ளிருந்து பெருச்சாளிகள் மூட்டை முடிச்சோடு இறங்கின. அவற்றின் சொந்த ஊர் ஒரு தீவு. அங்கே விளைவது எலுமிச்சையும் கல்லும் மட்டும்தான். எலுமிச்சையைப் பண்ணையார் பூனைகள் எடுத்துக்கொள்ளும். கல் பெருச்சாளிகளுக்கு.

இறங்கியவர்களில் ஒருவன் கொறித்தானோ. அவன் பின்னால் மனைவி சிரித்தாளோ. அவள் பின்னால், மூட்டையைத் தூக்காமல் வந்தவன் கொறித்தானோவின் சித்தப்பா மகன் சுருட்டினானோ. அந்தத் தீவில் பெயர்கள் அப்படித்தான் முடியும்.

கரையில் ஒரு கொக்கு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

"பேரு?"

"கொறித்தானோ."

"யாரு?"

"நான்தாங்க."

"நீ எதைக் கொறிச்சே?"

"ஒண்ணும் கொறிக்கலைங்க. கொறித்தானோ."

"அதைத்தான்யா நானும் கேக்கறேன். கொறிச்சானா, இல்லையா?"

வரிசை கடல்வரைக்கும் நீண்டு, கடைசியில் நின்றவர்களின் வால் நனையத் தொடங்கியது. கொக்கு பெருமூச்சு விட்டு, பெயர் என்ற இடத்தில் 'விசாரணை நிலுவையில்' என்று எழுதி உள்ளே அனுப்பியது.

காட்டில் அவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை. "வந்தேறிப் பசங்க, மண்ணு வாடை" என்று முயல்கள் மூக்கைச் சுளித்தன. முயல்களின் மூக்கு எப்போதுமே சுளித்தபடிதான் இருக்கும் என்பதால் கொறித்தானோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர்களுக்கு வளை தோண்டிக் கொடுத்து, கிடைத்ததைத் தின்று காலம் தள்ளினான்.

ஒருநாள் அவன் தோண்டிய வளை ஒன்று பொலபொலவென்று இடிந்து விழுந்தது. தோண்டியதில்தான் கோளாறு. ஆனால் பக்கத்து வளையில் குடியிருந்த துள்ளலிங்கம் என்ற முயல் அதைப் பார்த்துவிட்டது. ஓடி வந்து கேட்டது:

"தம்பி, என் வளையும் இப்படி இடிஞ்சிடுமா?"

கொறித்தானோவுக்குக் காட்டுப் பேச்சு இன்னும் பிடிபடவில்லை. தெரிந்த ஒரே பதிலை எல்லாவற்றுக்கும் சொல்வான்.

"பார்க்கலாம்."

துள்ளலிங்கம் தன் வளையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. "இடியாம இருக்கணும்னா நான் என்ன செய்யணும்?"

"பார்க்கலாம்."

"ஒரு கூடை கிழங்கு குடுத்தா?"

கொறித்தானோ நல்ல பசியில் இருந்தான். கிழங்கு என்ற சொல் மட்டும் தெளிவாகப் புரிந்தது. மகிழ்ச்சியில் வாய்விட்டுச் சிரித்தான். பெருச்சாளி சிரித்தால் பல் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். துள்ளலிங்கம் இரண்டு கூடையாகவே கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

அன்று கொறித்தானோ மனைவியிடம் கண் கலங்கச் சொன்னான்: "இந்த ஊர்க்காரங்க எவ்வளவு தங்கமானவங்க, பாத்தியா!"

சுருட்டினானோ கிழங்கைக் கடித்தபடி யோசித்தான். மறுநாள் ஒவ்வொரு வளையாகப் போய், வாசலில் நின்று, மேற்கூரையை அண்ணாந்து பார்த்து, தாடையைச் சொறிந்து, "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். வீட்டு வாசலில் கிழங்கு மலையாகக் குவிந்தது.

வளையைக் காப்பாற்றுகிற தொழில் ஆகையால் அதற்கு 'வளைகாப்பு' என்று பெயர் வைத்தார்கள். விஷயம் தெரியாத கர்ப்பிணி மான்கள் சில, பூ வைத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றதும் உண்டு. சிரித்தாளோ அவர்களுக்குக் கலவைச் சாதம் போட்டு அனுப்பினாள்.

தொழில் பெருகப் பெருக, கொறித்தானோவைக் காடே 'பெரியப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தது. இனிமேல் நாமும் 'அவர்' என்றே சொல்லிக்கொள்வோம். எதற்கு வம்பு?

அந்தக் காட்டின் காவல் ஆய்வாளர் தாவுமுத்து என்ற கருங்குரங்கு. நேர்மையானது, கொஞ்சம் அவசரக்கார ஆசாமி. பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டுபோய் யானை நீதிபதியின் முன்னால் நிறுத்தியது. நீதிபதி குற்றப்பத்திரிகையை வாங்கி உரக்கப் படித்தார்.

"முயலின் கிழங்கைக் கொறித்தானோ... என்னய்யா இது? நீயே சந்தேகமா எழுதியிருக்கியே?"

"ஐயா, அது பேருங்க."

"ஒளித்து வைத்தவன் சுருட்டினானோ... இங்கேயும் சந்தேகமா? கொறிச்சானா, சுருட்டினானான்னு முதல்ல தீர விசாரிச்சுட்டு வா. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. விடுதலை."

இப்படியே ஒவ்வொரு முறையும் நடந்தது. தாவுமுத்துவுக்கு மன உளைச்சலில் வால் முடி கொட்டியது.

இந்த நேரத்தில்தான் பட்டத்து யானை, இலுப்பைப் பூவை அளவுக்கு மீறித் தின்று போதை தலைக்கேறி, சிங்கராஜாவைத் திண்டு என்று நினைத்து மேலே உட்கார்ந்துவிட்டது. ராஜாவை உருவி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எழுந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு: "காட்டில் இனி எவனும் இலுப்பைப் பூவைத் தொடக்கூடாது!"

கரடிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தன. வாழ்க்கையில் அவற்றுக்கு இருந்த ஒரே பிடிப்பு அதுதான். பெரியப்பா மனமிரங்கினார். பூமிக்கடியில் சுரங்கம் சுரங்கமாகத் தோண்டி, இலுப்பை மரத்தடியிலிருந்து கரடிக் குகைவரை பூவைக் கொண்டுபோனார்கள். மேலே சட்டம் ரோந்து போனது. கீழே பூ போனது. கரடிகள் பெரியப்பாவின் பெயரைக் குட்டிகளுக்கு வைத்தன.

பணக்காரப் பெருச்சாளியைப் பார்த்தால் மற்றப் பெருச்சாளிக்குச் சும்மா இருக்க முடியுமா? திசைக்கு ஒரு குடும்பம் கிளம்பியது. எது எந்தத் திசை என்ற தகராறில் ஐந்தாவதாகவும் ஒன்று முளைத்தது. ஒருவர் சுரங்கத்துக்குள் ஒருவர் தோண்டிவிட்டு, சந்தித்த இடத்திலெல்லாம் கடித்துக்கொண்டார்கள். வளை குறுகலானது, திரும்ப இடம் கிடையாது. அதனால் எல்லோரும் முன்னால் ஓடுகிறவனின் வாலைத்தான் கடித்தார்கள். ஒரு கட்டத்தில் முழு வால் உள்ள பெருச்சாளியே காட்டில் இல்லை என்றானபோது, பெரியப்பா மற்ற நான்கு குடும்பத் தலைவர்களையும் அழைத்துப் பேசினார்.

"நாம என்ன அநாகரிகமானவங்களா? மிரட்டறதைப் பங்கு பிரிச்சுக்குவோம்."

எல்லோரும் ஒப்புக்கொண்டு சத்தியம் செய்தார்கள். வளைக்குள் நடப்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்பது சத்தியம். நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பது சடங்கு. ஆகவே யார் என்ன சத்தியம் செய்தார் என்பது கடைசிவரை யாருக்கும் புரியவில்லை.

தாவுமுத்து வேறு வழியில்லாமல் ஒரு பல்லியைப் பிடித்து, பெரியப்பா வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு வரச் சொன்னது. கெட்டிக்காரப் பல்லிதான். ஆனால் பழக்கதோஷம், ஆர்வம் வந்தால் அதை அறியாமல் 'உச்' கொட்டிவிடும். முதல் கூட்டத்திலேயே கொட்டிவிட்டது. பெருச்சாளிகள் சட்டென்று பேச்சை நிறுத்தின. பல்லிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஆகா!" என்றார் பெரியப்பா, சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு. "பல்லியே சொல்லிடுச்சு. காரியம் பலிக்கும். விடாம பேசுங்க."

அதற்குப் பிறகு, பல்லி உச் கொட்டும்வரை ஒவ்வொரு திட்டத்தையும் திரும்பத் திரும்ப விளக்கினார்கள். கொட்டாவிட்டால் மேற்கொண்டு விவரம் சேர்த்தார்கள். பல்லி நாளுக்கு நாள் கொழுத்த தகவலோடு காவல் நிலையம் போனது. இருந்தும் தாவுமுத்துவுக்கு ஒரு சிக்கல். பேச்செல்லாம் தீவு பாஷை. அர்த்தம் சொல்ல உள்ளேயிருந்து ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளைக் கொடுத்தது ஒரு கல்யாணம்.

பெரியப்பாவின் மகள் சிணுங்கினாளோவுக்குக் கல்யாணம். காடே திரண்டது. கரடிகள் ஒரு பக்கம், பயந்துபோன முயல்கள் ஒரு பக்கம். நான்கு குடும்பத் தலைவர்களையும் முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டிய கட்டாயம். இலை போட்டிருந்த இடத்தில் ஏற்கெனவே சுருட்டினானோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

பெரியப்பா குனிந்து காதில் சொன்னார்: "டேய், நீ நம்ம வீட்டு ஆளு. அடுத்த பந்தியில சாப்பிட்டுக்கலாம், எந்திரி."

சுருட்டினானோ எழுந்தான். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தான். சோறு வந்தது, குழம்பு வந்தது, அப்பளம் உடைந்து வந்தது. பாயசம் வரவில்லை. முதல் பந்திக் கரடிகள் வாளியோடு குடித்துவிட்டிருந்தன.

இலையை மூடிவிட்டுப் புதருக்குப் பின்னால் போய் நின்றான். அங்கே தாவுமுத்து இருந்தது.

"என்னப்பா, சாப்பிட்டாச்சா?"

அவ்வளவுதான் கேட்டது. சுருட்டினானோ பாயசத்தில் ஆரம்பித்தான். மரக்கட்டையிலிருந்து இறங்கிய நாள்வரைக்கும் பின்னோக்கிச் சொல்லி முடித்தபோது பந்தல் பிரித்துவிட்டிருந்தார்கள்.

அதே வாரம் சிங்கராஜா புதுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார். யார் கொறித்தான் என்று இனி நிரூபிக்க வேண்டாம். கொறித்தவனுக்குச் சொந்தக்காரன் என்று நிரூபித்தால் போதும். சட்டம் வந்த அன்றே காடு முழுக்க உறவு முறிந்தது. "பெரியப்பாவா? எந்தப் பெரியப்பா? எங்க அப்பா ஒரே பிள்ளை" என்றன கரடிகள். குட்டிகளின் பெயரை அவசரமாக மாற்றின.

ஐந்து குடும்பங்களும் கயிற்றில் கோத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டன. சாட்சிக் கூண்டில் சுருட்டினானோ ஏறியதும் பெரியப்பா எட்டிப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"டேய், பாயசம் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்குத் தனியா எடுத்து வச்சிருப்பேனேடா!"

"கேட்டு வாங்கறதாண்ணே மரியாதை?" என்றான் சுருட்டினானோ, அழுதுகொண்டே.

யானை நீதிபதி தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, ஐந்து குடும்பத்தையும் கற்குகையில் அடைக்கத் தீர்ப்புச் சொன்னார்.

சாட்சிக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டுமே என்று, அரசாங்கம் சுருட்டினானோவின் முதுகில் மூன்று கோடு போட்டு, அணில் என்று சான்றிதழ் கொடுத்து, காட்டின் மறுகோடியில் ஒரு புளியமரத்தில் குடியேற்றியது. பெருச்சாளிக்கு மரம் ஏறத் தெரியாது. ஏறுவதும் பொத்தென்று விழுவதுமாக இருந்தான். பக்கத்துக் கிளை அணில்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து மரியாதையோடு ஒதுங்கிப்போயின.

பெரியப்பா கற்குகையில் மீசை நரைத்து, பல் ஆட ஆரம்பித்த பிறகு, வயதைக் காரணம் காட்டி விடுவித்தார்கள். வாசலில் சிரித்தாளோ குடையோடும் கிழங்குக் கூடையோடும் நின்றிருந்தாள்.

"இளைச்சிட்டீங்க."

"நீயும்தான். குடும்பமெல்லாம் எங்கே?"

"எங்களையெல்லாம் முன்னாடியே விட்டுட்டாங்க. அவங்கவங்க வளையில இருக்காங்க. நம்ம தொழில் ஒண்ணும் இப்ப கிடையாதுங்க."

இருவரும் நடந்தார்கள். வழியில் கரடிகள் நீண்ட வரிசையில் நின்றிருந்தன. வரிசையின் தலைமாட்டில் 'அரசு இலுப்பைப் பூக் கடை' என்று பலகை. பெரியப்பாவுக்கு நடை தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் தூரத்தில் இன்னொரு பலகை: 'வளைப் பாதுகாப்புத் துறை'. சன்னலுக்குப் பின்னால் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. சிரித்தாளோ கையில் கிழங்குக் கூடை வைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"நம்ம வளைக்கு நாமளே கட்டணுமா?"

"எல்லாரும் கட்டணுங்க."

பெரியப்பா சன்னலில் தலையை நீட்டினார். "ஐயா, கட்டலைன்னா என்ன ஆகும்?"

ஆமை மெதுவாகத் தலையை வெளியே எடுத்து, மெதுவாகச் சுவரைக் காட்டியது. கட்டத் தவறினால் வளை இடிக்கப்படும், இடித்த கூலியும் வசூலிக்கப்படும் என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே சிங்கராஜா சிரித்தபடி இருக்கும் படம் வேறு ஒட்டியிருந்தது.

பெரியப்பாவின் கண் பனித்தது. வாய்விட்டுச் சொல்ல நாங்கள் கூச்சப்பட்டதை இவர்கள் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்களே! என்ன துணிச்சல், என்ன ஒழுங்கு! அவருக்குள் பழைய ரத்தம் ஓடியது.

"ஐயா, எனக்கு இதுல நல்ல அனுபவம் உண்டு. இங்கே ஏதாவது வேலை கிடைக்குமா?"

ஆமை அவரது பழைய வழக்குக் கட்டை எடுத்து வரச்சொல்லி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. சாப்பாட்டு நேரம் வந்து போனது. கடைசியில் ஓரிடத்தில் நிறுத்தி, வருத்தத்தோடு தலையசைத்தது.

"முள்ளம்பன்றி அம்மா ஒருத்தங்க வீட்டுக்காரர் செத்தப்போ, நீங்க கிழங்கைத் திருப்பிக் குடுத்திருக்கீங்க."

"ஆமாம். பாவம், கைக்குழந்தைங்க..."

"வெள்ளத்துல வளை போனவங்ககிட்ட அந்த வருஷம் வாங்கவே இல்லை."

"அவங்களே நனைஞ்சு போய் நின்னாங்க. எப்படிங்க வாங்கறது?"

"மன்னிக்கணும் ஐயா," என்றது ஆமை. "இப்படி ஒரு கடந்த காலம் இருக்கிறவரை அரசு வேலையில சேர்த்துக்க முடியாது."

மிரட்டல் வழக்கிலும் நிமிர்ந்து நின்ற பெரியப்பா, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் செய்ததை நினைத்து வெட்கித் தலைகுனிந்தார். பிறகு கூடையைச் சன்னலில் வைத்துவிட்டு, ரசீதுக்காக ஓரமாக ஒதுங்கி நின்றார்.

நீதி: குடும்பமாகச் செய்தால் குற்றம், துறையாகச் செய்தால் சேவை. ஆகவே குழந்தைகளே, கெட்டுப்போவதென்று முடிவுசெய்துவிட்டால் முதலில் ஒரு சன்னல் வையுங்கள்.