வேங்கைக்கு வைத்த எலுமிச்சம்பழம்

ஸ்டிக்கர் ஒட்டியதற்காக ஒரு மனிதனைப் பதினைந்து வருடங்களுக்கும் மேலாகக் கேலி செய்வது அநியாயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கோ விளைந்த அரிசியை வாங்கி, பையை மாற்றி, தன் பெயரைப் போட்டு விற்கிறவனைத் தொழிலதிபர் என்கிறார்கள். சீனாவிலிருந்து பேட்டரி மூன்று சக்கர வண்டியை இறக்கி நான் 'வேங்கை' என்று பெயர் ஒட்டினால் மட்டும் சிரிப்பாம்.

அப்போது எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. (வருகிற பாகங்களில் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எல்லாவற்றுக்கும் அந்தத் திமிர்தான் காரணம் என்பது என் மனைவி விஜயாவின் கட்சி.) டீசல் விற்கிற விலையில் இனி சரக்கு ஏற்ற மின்சார வண்டிதான் என்று முடிவு கட்டி, வேலையை விட்டேன். ஷெட் ஒன்று பிடித்தேன். பெட்டி பெட்டியாக வந்த உதிரிகளை நானும் ஃபிட்டர் நாகராஜும் சேர்ந்து பூட்டி, ஓட்டியும் பார்த்தோம். வண்டி பூப்போலப் போனது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கதை சொல்கிற ஒருவரும் இந்த இடத்தைச் சொல்வதில்லை.

பார்க்க வந்தவர் முனியப்பண்ணன், முட்டைக்கோஸ் மண்டிக்காரர். பிடித்தால் பத்து வண்டி எடுப்பார். பத்தும் போனால் ஷெட் பிழைக்கும். போகாவிட்டால் நான் பழைய கம்பெனி பஸ்ஸில் பழையபடி ஏற வேண்டியதுதான்.

"கரண்டே இல்லாத ஊருல கரண்டு வண்டியாப்பா?" என்றார். (தினமும் மின்வெட்டு இருந்த காலம்.)

"இருக்கறப்ப சார்ஜ் போட்டுக்கலாங்கண்ணா."

"அது செரி. சைனா சாமான் இல்லையே? எம் பையன் வாங்கின சைனா செல்லு ஒரு மாசங்கூட வரல. நம்மூரு வண்டின்னா சொல்லு, வெள்ளிக்கிழம பூஜ போட்டு எடுத்துக்கறேன்."

"நம்மூருதாங்கண்ணா" என்றேன். பூட்டியது நம்மூரில்தானே? இதில் பொய் எங்கே வந்தது?

உடனே கட்டுக்கட்டாக 'வேங்கை' ஸ்டிக்கர் அடித்து, சீன எழுத்து இருந்த இடமெல்லாம் ஒட்டினேன். பேட்டரி, மோட்டார், மீட்டர் எதையும் விடவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். முன்னால் போக ஓர் அம்பு, பின்னால் போக ஓர் அம்பு, இரண்டுக்கும் பக்கத்தில் சீன எழுத்து. தரப் பரிசோதகன் அரைகுறையாக வேலை செய்வானா? அம்புகளையும் சேர்த்தே மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலை நாகராஜ் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, கிழக்குப் பார்த்து நிறுத்தினான். சுவிட்சைத் திருப்பிவிட மறந்தான். மூன்று சக்கரங்களுக்கும் முன்னால் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி முன்னால்தானே போகும்? அதனால் விருந்தாளிகள் பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் பின்பக்கம் நாற்காலி போட்டிருந்தேன். நடுவில் முனியப்பண்ணன், வெள்ளை வேட்டி சட்டையில். அவருக்குப் பக்கத்தில் விஜயா கிண்டிய ஒரு அண்டா கேசரி.

சூடம் காட்டினார்கள். நான் கைப்பிடியை முறுக்கினேன்.

எலுமிச்சம்பழங்கள் என்னைவிட்டு விலகிப் போயின. முன்னால் போகாத வண்டியை இன்னும் முறுக்கினால் போகும் என்பது என் அன்றைய அறிவு. முறுக்கினேன். பின்னால் ஒரே கூச்சல். நாகராஜ் பாய்ந்து சாவியைப் பிடுங்கியபோது நாற்காலிகள் சிதறிக் கிடந்தன, அண்டா கவிழ்ந்திருந்தது, முனியப்பண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை கேசரி.

அதோடு முடிந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். "வண்டி மேல தப்பில்லண்ணா, சுவிட்ச்தான்" என்று நிரூபிக்கிற ஆவேசத்தில் நாகராஜ் எல்லார் முன்னிலையிலும் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தான். (நியாயமும் நேர்மையும் அவனுக்கு அன்றைக்குத்தான் பொங்க வேண்டுமா?)

முனியப்பண்ணன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "எனக்குத் தமிழ் தெரியும், கன்னடம் தெரியும், தெலுங்கும் படிப்பேன்" என்றார் நிதானமாக. "இது எந்தூரு எழுத்துப்பா?"

அவர் வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். டிரைவர், "ஏறுங்க சார், இது முன்னாலதான் போவும்" என்றார். ஓசூர் சின்ன ஊர்.

இன்றைக்கு ஓசூரில் எந்தத் தெருவில் நின்றாலும் மின்சார வண்டி போகிறது. முதலில் யோசித்தவன் நான் என்று ஒரு வாய் சொல்லவில்லை. போன வருடம் நாங்களே ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். பூஜையில் விஜயா முன்சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு சுற்றிவந்து, பின்சக்கரத்துக்குப் பின்னாலும் ஒன்று வைத்தாள்.

"அங்க எதுக்கு?"

"நீங்கதானே ஓட்டப்போறீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை முறுக்கினேன். முன்னால் வைத்த பழம்தான் நசுங்கியது. பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். குடும்பமே கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது, கேசரிச் சட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு.