முதலாளியம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். மெத்தைக் கடையும் சௌக்கியம். படுத்துப் பார்ப்பவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது நீங்களும் என் மகளும் எங்களிடம் விட்டுப்போன முயல் எல்லோரையும்விடச் சௌக்கியம். இருப்பதிலேயே விலை கூடிய மெத்தையில் கால் நீட்டிப் படுப்பதால் அதற்கு முதலாளியம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முயலின் கருப்பையை எடுத்துவிடுங்கள் என்று போனில் சொல்லிச் சொல்லி உங்களுக்கே அலுத்திருக்கும். எடுக்காவிட்டால் நாலைந்து வயதுக்கு மேல் அங்கே புற்றுநோய் வருவது சகஜம், எடுத்துவிட்டால் பத்து வயதுகூட இருக்கும் என்று கால்நடை டாக்டரம்மாவும் சொன்னார். நம்முடையதற்கு நாலு நடக்கிறது. நான் என்ன கல் நெஞ்சனா? இரண்டு மாதம் முன்பே நாள் குறித்தேன். என் பித்தப்பையை எடுத்தபோது முதல் நாளே வாயைக் கட்டிவிட்டார்களே, அந்த அனுபவத்தில் முதலாளியம்மாவின் புல் தட்டைத் தூக்கிப் பரணில் வைத்தேன். அது பார்த்த பார்வையில் மனசு கேட்காமல் நானும் பட்டினி கிடந்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று டாக்டரம்மா கேட்டதும், நேற்றே நிறுத்திவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். முயலுக்கு வாந்தியே வராதாம், பட்டினி தேவையே இல்லையாம், குடல் ஓடாமல் நின்றால்தான் உயிருக்கு ஆபத்தாம். இன்றைக்கு ஆபரேஷன் கிடையாது, "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க சார்" என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பசி மயக்கத்தில் தெருவெல்லாம் தண்ணீருக்கடியில் நகர்வது மாதிரி இருந்தது. கூடையின் அடியில் அந்தக் குட்டி நெஞ்சு அடிப்பது என் தொடையில் தெரிந்தது. இவ்வளவு வேகமா ஓடுற நெஞ்சு, மயக்க மருந்துல நின்னுபோச்சுன்னா யார் மாப்பிள்ளை அதைத் திரும்ப ஓட வைக்கிறது? வேணாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் பட்ட பாடு கேளுங்க. ஆண் முயல் வாசனையே இல்லாத கடையில நம்ம அம்மணி தன் நெஞ்சு முடியைப் பிய்ச்சுப் பிய்ச்சு, காட்சிக்கு வெச்ச தலையணைக்குள்ள பிரசவ அறை கட்டிட்டா. பொய்க் கர்ப்பமாம். மத்தியான வெயில்ல கடை முழுக்க வெள்ளை முடி மெதுவா மிதக்குது, இறங்கவே மனசில்லாத மாதிரி. நான் மேகத்துக்குள்ள உக்காந்து கணக்குப் பாக்குற மாதிரி அரைத் தூக்கத்துல இருக்கேன். உள்ள வந்த டீச்சரம்மா, இந்தப் பஞ்சுலயே ரெண்டு தலையணை வேணும்னாங்க. எடுத்துக் காட்டலாம்னு கைய விட்டா ஒரு உறுமல், கட்டைவிரல்ல ஒரே கடி. உங்க அத்தை கட்டுப் போட்டுக்கிட்டே, "ஏங்க, உங்க பயத்துக்கு அது உயிரை விடணுமா?"ன்னா. கட்டு இறுக்கமா இருக்குன்னு பேச்சை மாத்திட்டேன்.

போன மாசம் பஞ்சு வாங்க வெளியூர் போய் நாலு நாள் கழிச்சு வந்தேன். முதலாளியம்மா மூலையில சோர்ந்து கிடந்துச்சு. என்னைப் பிரிஞ்ச ஏக்கம்னு அத்தை சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தூக்காதீங்க, உங்களுக்கு இடுப்புப் பிடிக்கும்னு வேற அவளுக்கு அக்கறை. அன்னியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா உறுமல் போச்சு, கடி போச்சு, முடி பிய்க்கிறது போச்சு. பட்டுத் துணி மாதிரி ஆயிட்டா. பாத்தீங்களா? கத்தி படாம அன்புலயே குணமாயிடுச்சு. ஆகவே தாங்கள் அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகளும் தாங்களும் நல்ல மெத்தையில் படுத்து, நல்ல கனவாகக் கண்டு, நீடு வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு: அத்தை எழுதறேன் மாப்பிள்ளை. கவரை ஒட்டச் சொல்லிட்டு அவர் தூங்கிட்டார். அவர் வெளியூர் போன அன்னிக்கே ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு. கருப்பையில சின்னதா ஒரு கட்டி ஆரம்பிச்சிருந்துச்சாம்; பரவுறதுக்குள்ள முழுசா எடுத்தாச்சு, இனி பயமில்லன்னாங்க. முதலாளியம்மா இப்ப அவர் நெஞ்சு மேல ஏறித் தூங்குது. அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. அது இருக்கப்போற அத்தனை வருஷமும், தான் சொன்னதுதான் சரின்னு சொல்லிக்கிட்டே இருக்கட்டும்.