ஒரு சொடக்குக் குறில், இரண்டு சொடக்கு நெடில்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். (மனிசியைக் கேட்டால் "உது புதுச் செய்தியே?" என்பாள்.) தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லை. அதற்கு விலை கொடுத்தது நானில்லை, லின்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மீன் பக்டரியின் குளிர் அறையில் நானும் லின்னும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கினோம். சீனாவிலிருந்து வந்தவள், மண்டரின் பேசுபவள். குளிரில் அவளுடைய விரல்கள் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டு வந்தன. இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சை பாஸ் பண்ணினால் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்து தப்பிவிடலாம். ஆனால் உயிரெழுத்துதான் அவளுக்குச் சனி. 'ஷிப்', 'ஷீப்' இரண்டும் அவள் வாயில் ஒன்றுதான்.

"உதென்ன பெரிய வேலையே? நான் படிப்பிக்கிறன்" என்றேன். ஊரில் மூன்று வருசம் தமிழ் ரியூசன் கொடுத்தவன் அல்லவா! கை நொடிக்கிற நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரண்டு. (இங்கிலீஷில் நாக்கு நிற்கிற இடமே வேறு என்று பிறகு மகள் சொல்லித்தான் தெரியும்.) ஆறு கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொடக்குப் போட்டோம்.

பரீட்சையன்று நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே கதிரையில் இருந்தேன். கதவுக்கு அங்காலே டக். டக் டக். டக். ஐயோ! பரீட்சையில் சொடக்குப் போடாதே என்று சொல்ல மறந்துபோனேன். ஆளைப் பார்த்துச் சொடக்குப் போட்டால் எங்கட ஊரில் அடி விழும். பரீட்சை எடுக்கிற பெண்மணி எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளுவா?

லின் வெளியே வந்தாள்.

"ரீச்சர், அவ நிப்பாட்டச் சொன்னா. கையை மடியில வைச்சன். கை இல்லாமல் எனக்கு ஒரு சொல்லும் வரேல்லை."

என்னில் அவள் கோபிக்கவே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. வெட்கத்தில் செத்தேன்.

பெயில். இன்னொரு குளிர்காலம் முழுக்கப் பெட்டி அடுக்கினாள்.

அடுத்த முறை வேறொருவரிடம் படித்துப் பாஸ் பண்ணினாள். "இந்த முறை சொடக்குப் போடேல்லையே?" என்று பகிடியாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வலக்கையை நீட்டினாள். பெருவிரலிலும் நடுவிரலிலும் உணர்ச்சி இல்லை.

"இனிப் போட ஏலாது, ரீச்சர்."

இப்போதும் நான் ஆருக்காவது புத்தி சொல்ல வாய் திறந்தால், "அப்பா, ப்ளீஸ்!" என்று மகள் இரண்டு சொடக்குப் போடுவாள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அவர்களுக்குப் பரீட்சைக் கதை மட்டும்தான் தெரியும். லின்னின் விரல்களைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.