ரப்பர் பாலில் ஒட்டிய நாடகம்

நான் வாழ்நாளில் ஒரே ஒரு நாடகம்தான் எழுதியிருக்கிறேன். எழுதினேன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வதுதான். உண்மையில் ஒட்டினேன். அது மேடையில் ஐந்தாவது காட்சி வரை ஓடியது. ஆறாவது காட்சி தோட்டத்து ஆபீசில், போலீஸ் துரையின் முன்னிலையில் நடந்தது. அதற்கு நான் வசனம் தயார் செய்திருக்கவில்லை.

பழையதை எடுத்துப் புதிதாகப் பயன்படுத்துவதில் பாவம் ஒன்றும் இல்லை. பால் டின்னில் விளக்கு செய்து, மாவுச் சாக்கில் கால்சட்டை தைத்துப் போட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அதில் இரண்டு விதம் உண்டு. நாளைக்கு இன்னொருவர் எடுப்பார் என்று நினைத்தே ஒரு பொருளைச் செய்து வைப்பது ஒரு விதம். அவசரத்துக்குக் கையில் அகப்பட்டதைப் பிய்த்து, இருக்கிற ஓட்டையில் திணிப்பது இன்னொரு விதம். முதலாவதில் கெட்டிக்காரர் எங்கள் தோட்டத்து டிரஸ்ஸர் ஞானமுத்து. இரண்டாவதில் எனக்கு நிகர் நானே.

கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் கடுமையாக இருந்த நேரம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்தில் குவித்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காலையில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு பிடி சோறு மடியில் இருந்தாலும் போச்சு. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்பது சட்டம். சந்தேகத்தில் மாட்டியவர்கள் உள்ளே போனார்கள். இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்தால் கப்பலேற்றி அனுப்பியும் விட்டார்கள். (இதெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.)

எனக்கு அப்போது இருபது வயது. ஆபீசில் கணக்கெழுதும் சின்ன கிராணி. இங்கிலீஷ் தெரியும், மீசை இருந்தது, அறிவும் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் ஞானமுத்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் பொங்கல் நாடகம் அவர் பொறுப்பில்தான் நடக்கும். பதினான்கு காட்சிகளைத் தனித்தனித் தாளில் எழுதி ஒரு கட்டாக வைத்திருந்தார். எதிலும் பெயர் கிடையாது. ராஜா, இளவரசன், மந்திரி, குடியானவன், இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு தாளின் தலையிலும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'இதற்கு ராஜா உயிரோடு இருக்க வேண்டும்.' 'இதற்குப் பிறகு மந்திரி கிடையாது.' 'பெண் வேடம் தேவையில்லை.' ஐந்து தாளை உருவி, ஒன்றின் குறிப்பு அடுத்ததோடு இடிக்கிறதா என்று பார்த்து அடுக்கினால் அந்த வருஷத்துக்குப் புது நாடகம் தயார். நடிக்கிறவர்களுக்கும் எல்லாக் காட்சியும் மனப்பாடம்.

அந்த வருஷம் அவரைச் செரண்டா பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தாள் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுக்கச் சொன்னார். நான் அவரை மரியாதையாக லோரி ஏற்றிவிட்டு வந்து, மருந்து கலக்குகிற ஆள் நாடகத்தையும் மருந்து மாதிரி கலக்கியிருக்கிறார் என்று சிநேகிதர்களிடம் சிரித்தேன். நான் போடப்போவது காவியம் என்றும் சொன்னேன்.

காவியம் எப்படி உருவானது என்றால், அவருடைய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, இதில் பாதியும் அதில் பாதியுமாகச் சேர்த்தேன். பெயர் இல்லாத இடத்திலெல்லாம் பெயர் போட்டேன். இளவரசி முதல் காட்சியில் கனகவல்லி. மூன்றாவதில் மறதியாகக் கனகமாலை. நான்காவதில் எப்படியோ செண்பகம். கோந்து இல்லாததால் மரத்தடிக் கிண்ணத்திலிருந்து ரப்பர் பால் எடுத்து ஒட்டினேன். சிவப்பு மைக் குறிப்புகள் பார்க்க அசிங்கமாக இருந்தன. அவற்றின் மேலேயே முந்தின தாளின் வாலை ஒட்டி மறைத்தேன். முதல் பக்கத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

தோட்டத்துத் துரை, நாடகம் பகலில் நடந்து நான்கு மணிக்குள் முடிய வேண்டும் என்று அனுமதி கொடுத்தார். போலீஸ் துரையும் வந்து பார்ப்பார் என்றார். கதைச் சுருக்கத்தை நானே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அதில் காடு என்ற பேச்சே இல்லை.

பொங்கலன்று காலையில் இளவரசி வேஷக்காரனுக்கு மலேரியா வந்துவிட்டது. மற்றக் காட்சிகளில் இளவரசியின் பெயர் மட்டும்தான் அடிபடும்; ஐந்தாவதுதான் அவளே நந்தவனத்தில் வந்து அழும் காட்சி. அழ ஆள் இல்லை. பெண் வேஷம் இல்லாத, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரு காட்சி உடனடியாக வேண்டும். கட்டைப் புரட்டினேன். 'காடு' என்று ஒரு தாள். நாடு கடத்தப்பட்ட இளவரசன் காட்டில் பசியோடு இருப்பான், குடியானவன் சோறு கொண்டுவந்து கொடுப்பான். முள்வேலி வருவதற்கு முன்பு ஒரு பொங்கலுக்கு எங்கள் ஆட்கள் அதை நடித்திருக்கிறார்கள். ஒத்திகைகூடத் தேவையில்லை. நந்தவனத்தின் மேல் பாலைத் தடவி, காட்டை ஒட்டினேன். தலையில் இருந்த குறிப்பு, நான் படிக்காமலே, வழக்கம்போல நாலாவது காட்சியின் வாலுக்கு அடியில் போயிற்று.

இளவரசன் நான்தான். (ஆசிரியருக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?) குடியானவன் மணியம். மரம் வெட்டுகிறவன், என் சிநேகிதன், சேலத்துப் பக்கம் பிறந்து ஐந்து வயதில் கப்பலில் வந்தவன். அவனுக்கும் என் தங்கச்சி சரோஜாவுக்கும் தை மாதக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேஷத்துக்கு வெறும் இலைப் பொட்டலம் போதும் என்றேன். மாப்பிள்ளை கையில் வெறும் இலையா என்று சரோஜா நிஜச் சோறும் சுங்கை செம்பிலாங் கருவாடும் வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

முன்வரிசையில் போலீஸ் துரை, பக்கத்தில் அவருக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வரும் மொழிபெயர்ப்பாளர். முதல் நான்கு காட்சி வரை துரை கொட்டாவி விட்டார். ஐந்தாவதில் நான் சிகரெட் தாள் ஒட்டிய கிரீடத்தோடு வாழைமரத்தடியில் உட்கார்ந்து, பசிக்கிறது என்று புலம்பினேன். மணியம் பொட்டலத்தோடு வந்தான். ஊர் எல்லைக்கு வந்து தினமும் சோறு வைக்கிறோம் என்பதுதான் அவன் வசனம். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் அது மறந்து, வாயில் வந்ததைச் சொன்னான்.

"கவலப்படாதீங்க இளவரசே. ஊரு சனம் பூரா ஒங்க பக்கம். டெய்லி வேலிக்கு வெளிய சோறு வச்சிடுறோம்."

கொட்டாவி பாதியில் நின்றது. மொழிபெயர்ப்பாளரின் வாயும் நின்றது. துரை அவர் தோளைத் தட்டி, மீதியையும் சொல்லச் சொன்னார்.

அப்போதாவது நான் காட்சியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய காட்சியில் அடுத்தபடியாக நான் "மந்திரியாரே" என்று கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன். எங்கள் மந்திரி, மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கும் கருப்பையா மண்டோர். அவருக்கு இரண்டாவது காட்சியில் விஷம் வைத்துக் கொன்றாகிவிட்டது. மீசையைக் கழற்றிவிட்டு, இரண்டாம் வரிசையில் போலீஸ் துரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட குரல் காதில் விழுந்ததும் மனிதர் பழக்கதோஷத்தில் எழுந்து, எச்சிலைத் துப்பிவிட்டு மேடையேறி, "வந்தேன் இளவரசே, படை தயாராக இருக்கிறது" என்று கணீரென்று சொன்னார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. போலீஸ் துரை சிரிக்கவில்லை. எழுந்து கையை உயர்த்தினார். நாடகம் முடிந்தது.

கால்மணி நேரத்தில் நானும் மணியமும் ஆபீசில் நின்றோம். எனக்கு இடுப்பில் அம்மாவின் பட்டுச் சேலை, தலையில் கிரீடம். கழற்றலாமா என்று கேட்கவும் பயம். மேசைமேல் சாட்சியாகச் சோற்றுப் பொட்டலம். கருவாட்டு வாசம் அறை முழுக்க. ஜன்னலுக்கு வெளியே சரோஜா அழாமல் நின்றுகொண்டிருந்தாள்.

வேலிக்கு வெளியே சோறு வைப்பது யாருடைய வார்த்தை என்று துரை கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மணியம் பேசினான்.

"நாந்தான் சார் சொன்னேன். நானா சொன்னது. இவருக்கு ஒன்னும் தெரியாது."

துரை பேனாவைத் திறந்தார். பெயர் கேட்டார். எங்கே பிறந்தாய் என்று கேட்டார். சேலம் என்றான் மணியம். துரை அதை எழுதினார்.

நான் சும்மா நின்றேன். பக்கத்தில் நிற்பவன் என் தங்கச்சியைக் கட்டப் போகிறவன், அவன் பெயருக்கு நேரே கப்பலுக்கான ஊர் எழுதப்படுகிறது, எனக்கு இங்கிலீஷும் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடும் நேரம் இருக்கும். பயம்தான். வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை. அந்தக் காட்சியைக் கொண்டுவந்தது நான் என்று கடைசியில் சொன்னபோது என் குரல் செண்பகத்தின் குரல் மாதிரி இருந்தது.

நாடகப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் புரட்டினார். சூட்டில் ஒட்டியிருந்த தாள் விரலோடு உரிந்து வந்தது. உள்ளே சிவப்பு மை. வாய்விட்டுப் படித்தார்: 'காடு, சோறு. அவசரகாலம் முடியும்வரை இந்தக் காட்சியை எடுக்க வேண்டாம்.'

எச்சரிக்கையை ஏன் மறைத்தாய் என்று துரை கேட்டார். அசிங்கமாக இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். அதைவிடச் சந்தேகமான பதில் உலகத்தில் இருக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர் மட்டும் விடாமல் உரித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு தாளுக்கு அடியிலும் ஒரு குறிப்பு, அதற்கு நேர்மாறாக மேலே என் நாடகம். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது.

"தம்பி, இந்த மந்திரி ரெண்டாவது காட்சியில செத்துட்டாரே?"

"ஆமாங்க சார்."

"அப்புறம் எப்படி வந்தாரு?"

"கூப்பிட்டேன். வந்துட்டாரு சார்."

இளவரசிகள் மூன்று பேரா, ஒருத்தியா என்று கேட்டார். ஒருத்தி என்றேன். ராஜா தன் சாவுச் செய்தியைத் தானே விசாரிக்கிறாரே என்றார். அதை நான் அதுவரை கவனித்ததில்லை. அவர் துரையின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் விளக்கினார். இந்தப் பையனுக்கு ஐந்து தாளை வரிசையாக அடுக்கத் தெரியவில்லை. இவனை நம்பிக் காட்டுக்குள் இருப்பவர்கள் ஒரு தீப்பெட்டிகூட வாங்கி வரச் சொல்ல மாட்டார்கள். எழுதியதெல்லாம் வேறு ஆள், இவன் பசை தடவியவன் மட்டுமே. ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. முகப்பில் இருந்த என் பெயரைத் துரை பார்த்தார். உண்மையா என்று என்னையே கேட்டார். "எஸ் சார்" என்றேன். என் இலக்கிய வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

துரை மணியத்தின் பெயர் எழுதிய தாளைக் கிழித்தார். அவசரகாலம் முடியும்வரை அந்தத் தோட்டத்தில் நாடகமே கூடாது என்றார். பிரதியை எடுத்துக்கொண்டு, பொட்டலத்தைத் தொலைக்கச் சொன்னார். அதை நாங்கள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து தொலைத்தோம். மணியம் கருவாட்டை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான். நான் வாய் திறக்காமல் நின்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சரோஜா என்னோடு பேச மாசி பிறக்க வேண்டியிருந்தது; கல்யாணத்தில்கூட எனக்கு இலை போட்டாள், பேசவில்லை.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் விடைபெற்றுப் போனவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால், "மந்திரி வந்துட்டாரு" என்றுதான் சொல்வோம். என் மகள் கோலாலம்பூரில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறாள். அங்கேயும் யாராவது அவசரத்தில் பழைய புரோகிராமிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டுவார்களாம். நீக்கிவிட்டதாக நினைத்த ஏதோ ஒன்று அதோடு சேர்ந்து எழுந்து வந்து நிற்குமாம். அவள் ஆபீசில் சீனர், மலாய்க்காரர் எல்லோரும் அதற்கு 'மந்திரி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஞானமுத்து மாதிரி, இன்னொருவர் எடுப்பார் என்று நினைத்து எழுதுகிறவர்கள் அங்கேயும் குறைவுதானாம்.

கதையைச் சொல்வதென்றால் அது மணியம் மச்சான்தான். எந்த விசேஷமானாலும் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கிரீடம், சேலை, மண்டோர் துப்பிய எச்சில் என்று ஒன்றையும் விடமாட்டார். ஆபீஸ் கட்டம் வரும்போது மட்டும், என்னைக் காட்டி, "நான் பேரச் சொல்றதுக்குள்ள ஒங்க மாமா முன்னால வந்து நின்னுட்டாரு லா" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அதை மாற்றிச் சொன்னதில்லை. நானும் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை.