மூடிக் கணக்கு

பானங்களின் லேபிளில் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே இருபத்தேழு வருஷமாக ஒரே நாற்காலியைத் தேய்த்து வந்தவரை எல்லோரும் 'லேபிள் சார்' என்றே கூப்பிட்டார்கள். அவர் கையெழுத்து விழாமல் ஒரு பாட்டில்கூடக் கடைக்குப் போகாது.

ஒருநாள் விளையாட்டு வீரர்களுக்கான நீல நிறப் பானம் ஒன்று அவர் மேஜைக்கு வந்தது. பரிசோதனைக்கூட அறிக்கை நாலே வரிதான். அரை லிட்டர் தண்ணீர், முப்பது கிராம் சர்க்கரை, துளி உப்பு, நீலச் சாயம்.

"சர்க்கரைத் தண்ணில நீலம் கலக்கியிருக்கீங்க. இதுல 'சர்க்கரை இல்லை'ன்னு எப்படிங்க போட முடியும்?" என்றார் லேபிள் சார்.

கம்பெனிக்காரர் பதறவில்லை. மேஜைமேலிருந்த விதிப்புத்தகத்தைத் தானே புரட்டிக் காட்டினார். "ஒரு தடவை குடிக்கிற அளவுல அரை கிராமுக்குக் கீழ இருந்தா 'இல்லை'ன்னு போடலாம்னு இருக்கே சார்?"

"ஒரு தடவைன்னா ஒரு பாட்டில்தானே?"

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

லேபிள் சார் முதலிலிருந்து கடைசி வரை தேடினார். எங்கும் இல்லை. எழுதாத ஒன்றை ஓர் அதிகாரி எப்படி நம்ப முடியும்?

கம்பெனிக்காரர் பாட்டில் மூடியைத் திருகி எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஒரு தடவைக்கு ஒரு மூடி. அஞ்சு மில்லி. பாட்டிலுக்கு நூறு தடவை."

மூடிக்குப் புள்ளி மூன்று கிராம் சர்க்கரை வந்தது. அதாவது, இல்லை.

"அப்ப உப்பும் இல்லாமப் போயிடுமே? 'தாதுச்சத்து நிறைந்தது'ன்னு பெருசாப் போட்டிருக்கீங்க."

"உப்பு நல்லதாச்சே சார். நல்லதைப் பாட்டில் கணக்குல எழுதுவோம். மத்ததை மூடிக் கணக்குல."

இதில் நியாயம் இருப்பதாக லேபிள் சாருக்குப் பட்டது. அவரே தன் பணி அறிக்கையில் வேலை செய்ததை வருஷக் கணக்கிலும் தூங்கியதை நிமிஷக் கணக்கிலும்தான் எழுதி வந்தார். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார்.

லேபிள் சாருக்கே சர்க்கரை வியாதி இருந்தது. சர்க்கரை டப்பாவை மனைவி பூட்டி வைத்து ஆறு மாசமாகிறது. சப்பென்ற டீயைக் குடிக்கும்போதெல்லாம் தன்மேலேயே அவருக்கு இரக்கம் வந்தது. அதனால் தான் முத்திரை குத்திய பாட்டிலைக் கடையில் பார்த்ததும் வாங்கினார்.

"என்னங்க, தித்திக்குதே?" என்றாள் மனைவி.

"முத்திரையைப் பாரு. உன் நாக்குல முத்திரை இருக்கா?"

அவர் தினமும் மூன்று பாட்டில் குடித்தார்.

இரண்டே மாசத்தில் காலில் வந்த புண் ஆறாமல் நின்றது. டாக்டரம்மா பாட்டிலை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ஒரு நாளைக்கு முந்நூறு தடவை குடிச்சிருக்கீங்க. இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்."

லேபிள் சார் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து, சாதாரணக் குடிமகனாகத் தன் அலுவலகத்துக்கே புகார் எழுதிப் போட்டார்.

பானம் சம்பந்தப்பட்ட புகார் சம்பந்தப்பட்ட அதிகாரிக்குத்தானே வரும்? மூன்றாம் நாள் அது அவர் மேஜைக்கே வந்தது. படித்தார். புகார்தாரரின் காலை நினைத்துக் கண் கலங்கியது. ஆனால் தப்பென்று ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போட்டவருக்கு ஓய்வூதியம் போய்விடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

'மேற்படி பானத்தில் சர்க்கரை இல்லை என்பது மீண்டும் உறுதி செய்யப்படுகிறது. தங்கள் உடம்பிலுள்ள சர்க்கரைக்குத் தாங்களே பொறுப்பு என்பது பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.'

கடிதம் வீட்டுக்கு வந்தது. மனைவிதான் பிரித்துப் படித்தாள். "எந்தப் பாவிங்க இதை எழுதினது? அவன் கால் அழுகிப் போக!"

லேபிள் சார் கட்டுப் போட்ட காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

திட்டித் திட்டி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மிச்சமிருந்த நீலப் பாட்டிலை எடுத்துத் திறந்தாள்.

"ஐயோ, அதைக் குடிக்காத!" என்று அலறினார்.

"ஏன்? அதான் சர்க்கரை இல்லைன்னு இவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்களே" என்றாள், கடிதத்தைக் காட்டி.