கரி ஊதுவதில் சாம்பியன்

இருங்காட்டுக்கோட்டை

ஓசூரில் கம்பெனி சூப்பர்வைசராகத் திகழும் மருமகப்பிள்ளை ஜெகதீஷுக்கு, தாய்மாமன் சுப்பராயலு ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் இஸ்திரி வண்டியும் சுகம். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுகிறாய், ஆகவே கடுதாசி.

ஏழாவது படிக்கிற என் மகள் சௌந்தர்யா தொழிலில் எப்படிப் பழுத்தவள் என்று உனக்கே தெரியும். கம்பெனி பஸ் வருவதற்குள் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற கம்பெனிப் பையன்களின் யூனிஃபார்மைத் தேய்த்துக் கொடுக்கணும், அதற்கு விடியலிலேயே பெட்டியில் கரி போட்டு ஊதிக் கங்கு ஆக்குவது அவள்தான். போன வாரம் வண்டியண்டை மடிப்புக் கலையாத சட்டையில் ஒருத்தர் வந்து நின்றார். யூனிஃபார்ம் காண்ட்ராக்ட் கொடுக்க வந்தவர் என்று நினைத்து, "சார், நம்ம லேபருக்கு அஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ், லீவு நாள்ல ஓ.டி. கூட பாக்கும்" என்று அவளை முன்னால் தள்ளினேன். பார்த்தால் அவர் குழந்தைத் தொழிலாளரைப் பிடிக்கிற ஆபீசர். அந்த நேரம் பார்த்தா இவள் இருமணும்? கையோடு எங்களை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார்.

அங்கே டாக்டரம்மா முள் வைத்த ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சு பலம் பார்க்கணும், ஊது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊதறதுல இது சாம்பியன்மா, உங்க மிஷினு தாங்காது" என்றேன். ஊதினாள். முள் அசையக் காணோம். மிஷின் ரிப்பேர் என்று நான் பிடுங்கி ஊதினேன் பார், முள் கடைசியில் போய் முட்டியது, பக்கத்து வார்டில் மயங்கிக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பன்னெண்டு வயசுப் பொண்ணு பெரியவரே, நெஞ்சு உங்களவிடக் கிழடா இருக்கு. எல்லாம் கரிப்புகை" என்றார்.

இனி அவளை வண்டிப் பக்கம் விட்டால் கேஸாம். பெத்தவன் தொழில் கத்துக்கொடுத்தா குத்தமா? எங்கப்பன் என்னை அஞ்சு வயசுல ஊத விட்டாரு, நான் தேக்கு மாதிரி இல்ல? நீயும் எட்டு வயசுலேர்ந்து எங்கிட்ட ஊதினவன்தானே, இன்னிக்குக் கம்பெனியில ஒரு லைனையே மேய்க்கிறே. அதனால் நீ வந்து ஆபீசர் எதிரில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "என்னைப் பாருங்க சார், எனக்கு இன்னா கொறைச்சல்?" என்று ஒரு வார்த்தை சொல்லணும்.

அக்காவுக்கு என் வணக்கம். உன் லைன் நிற்காமல் ஓடட்டும், உன் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுப்பராயலு
(இருங்காட்டுக்கோட்டையின் நம்பர் ஒன் இஸ்திரி)

பி.கு.: சாட்சி சொல்ல வர வேணாம். டாக்டரம்மா கொடுத்த பொட்டலத்தை இப்போதான் பிரிச்சேன். உள்ளே ஒரு நீலக் குழாய், மூச்சுத் திணறலுக்கு மருந்தாம். வாய் மணக்க அடிக்கிற சென்ட்டுன்னு சொல்லிச் சட்டைப் பையில வெச்சிக்கினு திரிவியே, அதேதான். சௌந்தர்யா பழக்கத்துல அதையும் ஊதுறா, உள்ள இழுக்கணுமாம். எனக்கும் ஊதத்தான் தெரியும். நீ வந்து அவளுக்குச் சொல்லிக்கொடு. கரியை நான் ஊதிக்கிறேன்.