குறைப்பதற்கு முன் கூட்டுக

அந்தக் கல்லூரி சுற்றுச்சூழலுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்ய வசதியும் இல்லை. பாதி மின்விசிறி சுற்றாது. குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் குழாயின் இஷ்டம். குப்பை போடலாமென்றால் கேன்டீனில் வாங்குவதற்கே ஒன்றும் இருக்காது. இப்படி ஏதோ மானத்தோடு பிழைத்துக்கொண்டிருந்த இடத்தில்தான், ‘பசுமை வளாக விருது’ வாங்கியே தீர வேண்டும் என்ற ஆசை முதல்வருக்கு வந்து தொலைத்தது.

பொறுப்பு தாவரவியல் மேடம் தலையில் விழுந்தது. செடிகொடியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் என்பது சொல்லப்பட்ட காரணம். தற்காலிகப் பணி, மாட்டேன் என்று சொல்ல வாய் வராது என்பது சொல்லப்படாத காரணம். வருஷா வருஷம் விடுமுறை வந்தால் அவருக்கு வேலை போய்விடும். விடுமுறை முடிந்தால் அதே வேலை திரும்பி வரும்.

“இந்த வருஷமும் தொட்டிச் செடிதானா? தரையில நடவே மாட்டாங்களா?” என்று வீட்டுக்காரர் வேறு சாப்பிடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“விருதை வாங்கிக் குடுங்க மேடம், உங்களை நிரந்தரமாக்கிடறேன்,” என்றார் முதல்வர்.

விருதுக் குழு கேட்டதோ ஒரே கேள்வி. மின்சாரம், தண்ணீர், காகிதம் இவற்றில் எவ்வளவு குறைத்தீர்கள்?

“சார், நாம ஏற்கெனவே கம்மியாத்தானே செலவழிக்கிறோம்?”

“கம்மியா இருக்கறதுக்கு மார்க் இல்ல. குறைச்சுக் காட்டினாத்தான் மார்க்.”

“இதுக்கு மேல குறைக்கணும்னா காலேஜைத்தான் சார் மூடணும்.”

முதல்வர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“அப்போ முதல்ல கூட்டுவோம். தாராளமாக் கூட்டிட்டு, அப்புறம் குறைப்போம்!”

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: ‘சுற்றுச்சூழலின்பால் இக்கல்லூரி கொண்டுள்ள தீராத அக்கறையை முன்னிட்டு, மறு உத்தரவு வரும்வரை எவரும் எந்த விளக்கையும் அணைக்கலாகாது. குழாயை மூடுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.’

கெஞ்சிக் கூத்தாடியும் கிடைக்காத புது மோட்டார் ஒரே நாளில் வந்து இறங்கியது. விசிறிகளெல்லாம் பழுது பார்க்கப்பட்டுப் பேய் மாதிரி சுற்றின. இயற்பியல் துறை ஒரே அறையில் ஹீட்டரையும் ஏசியையும் எதிரெதிரே ஓடவிட்டுப் பாராட்டு வாங்கியது. வரலாற்றுத் துறை பார்த்தது; வெற்றுத்தாளை நகலெடுத்து, அந்த நகலையும் நகலெடுத்தது. குழாயை மூடிப் பிடிபட்ட மாணவி ஒருத்தி, “வீட்டுப் பழக்கம் மேடம், கை தானாப் போயிடுச்சு. இனிமே ஒழுங்கா இருக்கேன்,” என்று அழுதாள்.

மேடத்துக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஆனால் ‘நிரந்தரம்’ என்ற சொல் ஞாபகம் வந்ததும், தோட்டத்துக் குழாயை இன்னொரு சுற்றுத் திறந்துவிட்டார்.

ஆய்வு நாள் வந்தது. எல்லாவற்றையும் அணைத்தார்கள், மூடினார்கள். கல்லூரி பழைய லட்சணத்துக்குத் திரும்பியது. குழுவினர் ஆளுக்கொரு காரில் வந்து இறங்கி, இருட்டுக் கூடத்தில் வியர்த்து வழிய உட்கார்ந்தார்கள்.

“இந்த மாதிரிக் குறைப்பை நாங்க எங்கயுமே பார்த்ததில்ல!” என்று குழுத்தலைவர் நெகிழ்ந்தார். “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

“அதையும் குறைச்சிட்டோம் சார்,” என்றார் முதல்வர், அடக்கமாக.

விருது கிடைத்துவிட்டது. மேடம் முதல்வர் அறைக்கு ஓடினார்.

“சார், அந்த நிரந்தர விஷயம்...”

“நானே கூப்பிடணும்னு இருந்தேன். அடுத்த வருஷம் ஆள் எண்ணிக்கையிலயும் குறைப்பு கேக்கறாங்க. ஆள் குறைஞ்சா விசிறி குறையும் பாருங்க. முதல் குறைப்பு நீங்கதான். எவ்வளவு பெரிய கௌரவம்!”

மேடத்துக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு யோசனையும் வந்தது.

“சார், நான் தற்காலிகம். உங்க ஆள் எண்ணிக்கையில நான் என்னைக்கு இருந்தேன்? இல்லாத ஆளை எப்படிக் குறைப்பீங்க?”

முதல்வர் ஊழியர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்; மேடத்தின் பெயர் அதில் இல்லை.

“குறைக்கணும்னா முதல்ல கூட்டணும். நீங்க சொன்னதுதானே சார்?”

முதல்வர் மறுபடி கண்ணை மூடினார். மறுபடி பிரகாசம்.

மாலைக்குள் உத்தரவு கையில் வந்தது: ‘அடுத்த ஆண்டு குறைக்கப்பட வேண்டியிருப்பதால், மேற்படி விரிவுரையாளர் இன்று முதல் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார்.’ மேடம் திரும்பத் திரும்பப் படித்தார். முதல் பாதியை மறந்துவிட்டால் நல்ல உத்தரவுதான்.

வெளியே வந்தபோது தோட்டத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கை தானாக அதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

“இறுக்கி மூடிடட்டுமா மேடம்?” என்றார் வாட்ச்மேன்.

“ஐயோ, வேணாம்ண்ணே! நல்லாத் திறந்துவிடுங்க. அடுத்த வருஷம் குறைக்கறதுக்கு வேற ஏதாவது இருக்கணும். இல்லன்னா என்னைக் குறைச்சிடுவாங்க.”